முகமூடி நேரம்

அத்தியாயம் 9

காலையில் கண் விழித்ததும் அம்மா முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். அடுத்தது போனை. பெற்ற பிள்ளைகளின் முகமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்று புதன்கிழமை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி, ‘நம்ம தெரு’வைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

“இதைக் கேளுங்க. ‘என் வண்டியோட சைடு கண்ணாடியைத் திருப்பி வெச்சது யாரு?’ன்னு பேட்டரி கேட்டிருக்கார். அதுக்குக் கொசுவலை என்ன போட்டிருக்கு தெரியுமா? ‘உங்க மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம அதுவே திரும்பியிருக்கும்.’”

அம்மாவே சொல்லி அம்மாவே சிரித்தாள்.

“அத்தை, கொஞ்சம் தள்ளினீங்கன்னா பாலை இறக்கிடுவேன்” என்றாள் அண்ணி.

“இரும்மா. அரைக்கதவு சண்டைக்கு வருது.”

பால் பொங்கி வழிந்தது.

‘நம்ம தெரு’ என்பது போனுக்குள் இருக்கும் தெரு. பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் நாலு, கீழே ஒரு வரிசைக் கடைகள். அங்கே இருக்கும் அநேகம் பேர் அந்தக் குழுவுக்குள் இருந்தார்கள். தொடங்கியது மருந்துக்கடை அம்மாள். சொந்தப் பெயர் போடக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே சட்டம். பெயர் தெரிந்தால் ஒருத்தரும் மனதில் இருப்பதைப் பேச மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அதனால் தெருவில் பேட்டரி, கொசுவலை, அரைக்கதவு என்று விதவிதமான பிரஜைகள். எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த முகம் என்று தெரியாது. அம்மா மட்டும் விதிவிலக்கு. தான்தான் ‘மொட்டைமாடி’ என்று அவள் என்றைக்கோ ஊருக்கே தமுக்கடித்துவிட்டாள்.

நண்டு குழுவில் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் படிப்பாள். எழுத மாட்டாள்.

நண்டு என்பது அண்ணன் வைத்த பெயர். குழந்தையாக இருந்தபோது நேராகத் தவழாமல் பக்கவாட்டில் தவழ்ந்தாளாம். இயற்பியலில் பட்டம் வாங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணமாகிப் போயும் போகவில்லை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த அன்று, வாசலில் நின்றவளைப் பார்த்து, “வா நண்டு” என்று மட்டும் சொல்லி அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தன் ஸ்பேனர்களையும் கம்பிச் சுருள்களையும் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, சின்ன அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தான்.

அந்த நன்றியில்தான் அவள் ஒரு நாள் அவனிடம் வாய் திறந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்துக் கட்டடத்தின் மேல்தளத்தில், லிஃப்ட் மோட்டார் உறுமிக்கொண்டிருந்த அறையில், வேறு யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில், புருஷன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அம்மாவிடம்கூடச் சொல்லாதது. “என் வாயிலேர்ந்து வராது” என்று அண்ணன் கிரீஸ் கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் செய்தான். தலையை மூன்று தடவை அலச வேண்டியிருந்தது.

இப்போது அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்துப் பவர் சொல்லும் வேலை. போன வாரம் நிரந்தரமாகிவிட்டது. அண்ணியோடு மட்டும் குளியலறை வாளி விஷயத்தில் மூண்ட பனிப்போர் இன்னும் ஓயவில்லை. மற்றபடி மூச்சு விட முடிந்தது.

“நண்டு, வண்டியில ஏறு. கடையில விட்டுடறேன்” என்றான் அண்ணன்.

“உனக்கு எதிர்ப்பக்கம் ஆச்சே?”

“அதனால என்ன? பெட்ரோல் என்ன உன் புருஷனா போடறான்?” என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வழியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். அவள் கேட்காமலே அறை ஜன்னலுக்குக் கொக்கி மாட்டித் தருவதாகச் சொன்னான். பழைய கதைகளையெல்லாம் எடுத்துவிட்டுச் சிரித்தான். கடை வாசலில் இறக்கிவிட்டபோது, “சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. கொஞ்சம் பேசணும்” என்றான்.

“என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல. வா, சொல்றேன்.”

ஜன்னல் கொக்கி விஷயம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை பிற்பகலுக்கு ‘நம்ம தெரு’வில் முகமூடி நேரம் என்று பெயர். வீட்டுக்குள் தீராத சிக்கல் உள்ளவர்கள் அதை மருந்துக்கடை அம்மாளுக்குத் தனியாக எழுதி அனுப்புவார்கள். அவர் அதை ‘முகமூடி’ என்ற பெயரில் குழுவில் போடுவார். தலைமுடி கொட்டுவது முதல் சம்பந்தி சண்டை வரை தெரு முழுக்கக் கூடி யோசனை சொல்லும். கேட்டது யார் என்று மருந்துக்கடை அம்மாள் இதுவரை மூச்சு விட்டதில்லை.

கடையில் கூட்டமில்லை. நண்டு சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் போனைத் திறந்தாள்.

முகமூடி: “ஒரு யோசனை வேணும். எங்க வீட்டுல ஒரு சொந்தக்காரப் பொண்ணு வந்து தங்கியிருக்கா. கல்யாணமானவ. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. நல்லவதான், எங்களுக்கும் பாசம்தான். ஆனா திரும்பிப் போற மாதிரி தெரியல. இருக்கிற ஒரு சின்ன ரூமும் எங்களுக்கு வேணும். மனசு நோகாம எப்படிச் சொல்றது?”

கொசுவலை: “ரூம்ல எலி இருக்குன்னு சொல்லுங்க.”

பேட்டரி: “சொல்லாதீங்க. எலியையே விட்டுடுங்க.”

அரைக்கதவு: “கரண்டைக் கட் பண்ணுங்க. ஃபேன் ஓடலைன்னா எந்த விருந்தாளியும் தங்க மாட்டாங்க. என் மச்சினன் இப்படித்தான் போனார்.”

மொட்டைமாடி: “பேசாம அனுப்பிடுங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒட்டிக்கிட்டா அப்புறம் அசைய மாட்டாங்க. நாலு நாள் அழுவா. அப்புறம் தன்னால பழகிடும்.”

நண்டுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டு விஷயம் என்றால் அம்மாவுக்கு எங்கிருந்துதான் இந்தத் தைரியம் வருமோ! அதற்குள் அந்தப் பதிலுக்குக் கீழே இதயங்கள் குவிய ஆரம்பித்திருந்தன.

சிரித்துவிட்டாளே தவிர, அந்த முகம் தெரியாத பெண் மனதில் உறுத்தினாள். இன்றைக்கும் அவள் யார் வீட்டுச் சமையலறையிலோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். தன்னைச் சுற்றி எலியும் ஃபேனும் திட்டமிடப்படுவது தெரியாமல்.

நண்டு எழுதினாள். அவள் அந்தக் குழுவில் எழுதிய முதல் பதில் அது. அவளுடைய பெயர் அங்கே ‘வெள்ளெழுத்து’. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் போகுமே, அதைக் கடையில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த பெயர்.

வெள்ளெழுத்து: “சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. எப்போ கிளம்பணும்னு ஒரு தேதியும் சொல்லிடுங்க. மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறதுதான் அவளுக்குப் பெரிய கொடுமை.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

முகமூடி: “வெள்ளெழுத்து சொல்றது சரின்னு படுது. இன்னிக்குச் சாயங்காலமே சொல்லிடறேன். நன்றி.”

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு பெண்ணை எலியிடமிருந்து காப்பாற்றியாயிற்று. பஸ் ஓட்டுநர் ஒருவர் கண் காட்ட வந்தார். அவர் மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டி, லென்ஸ் பெட்டியைத் திறந்துவைத்து, “முதல் வரி படிங்க” என்றாள். மேஜையில் போன் மறுபடி மினுங்கியது. ஒரு கண் அதன் மேல் போனது.

அரைக்கதவு: “அது சரி, அந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் போக மாட்டேங்குது? அங்க என்ன பிரச்னை?”

முகமூடி: “பெருசா ஒண்ணுமில்லைங்க. ஒரு தடவை அவ பால்கனியில நிக்கிறப்ப உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்துடுச்சு. மத்தியானம் தொடங்கி இருட்டற வரைக்கும் மழையில நின்னாளாம். அதையே பிடிச்சுக்கிட்டிருக்கா.”

கொசுவலை: “ஓசியில ஷவர்!”

பேட்டரி: “எங்க வீட்டுல என்னை அப்படி வெளிய விட்டா நிம்மதியா தூங்குவேன்.”

வரிசையாக, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

“என்னம்மா, எதுவுமே தெரியலையே. பூரா மங்கல்” என்றார் ஓட்டுநர்.

அவள் கையிலிருந்த லென்ஸ் வேறொன்று. கழற்றினாள். சரியானதை எடுத்தாள். அதுவும் பள்ளத்தில் உட்காராமல் நழுவியது.

“உடம்பு சரியில்லையா?”

“இல்லைங்க. இப்பப் படிங்க.”

அவர் படித்தார். அவர் படித்த எழுத்து ஒன்றுகூட அவள் காதில் ஏறவில்லை.

*

வீட்டுக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் மனசு ஒரே ஒரு பாதையைத்தான் தேடியது. அண்ணன், அண்ணியிடம் உளறியிருப்பான். எழுதியது அண்ணியாக இருக்கும். வாளிக்கே அத்தனை பேசியவள், அறைக்குப் பேச மாட்டாளா? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம்.

அண்ணி டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து வந்து, உடையைக்கூட மாற்றாமல் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ரூம் வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாம்.”

“எந்த ரூம்?”

“நடிக்காதீங்க. தெரு பூரா கேட்டாச்சு.”

“இங்க பாரு, அந்தக் கருமத்துல நான் இல்லவே இல்ல. குப்பைத் தொட்டிச் சண்டையிலயே கும்பிடு போட்டுட்டு வெளிய வந்தவ நான். உங்க அம்மா தினமும் படிக்கிறதே என் காதுக்குப் போதும். எனக்கெதுக்கு இன்னொரு ரூம்? இருக்கிறதைப் பெருக்கறதுக்கே இடுப்பு ஒடியுது.”

நண்டு போனை நீட்டினாள்.

அண்ணி நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். பாதியில் உட்கார்ந்தாள். முகத்திலிருந்த கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

“இது… பால்கனியில… நீயா?”

நண்டு தலையசைத்தாள்.

“ஏன்டி எங்ககிட்ட சொல்லல?”

“அண்ணாகிட்ட சொன்னேன். அவன் உங்ககிட்ட சொன்னான்தானே? சொன்னான்தானே, அண்ணி?”

அந்தக் குரலில் இருந்தது கேள்வியில்லை, கெஞ்சல். ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அண்ணிக்கு எந்தக் காலத்திலும் பூசி மெழுகத் தெரியாது.

“இல்லம்மா. என்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லல.”

நண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். வேறு யாரும் மிச்சமில்லை.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நண்டு வந்துட்டாளா? இன்னிக்கு முகமூடி நேரம் ஒரே ரகளை, தெரியுமா! யாரோ வெள்ளெழுத்தாம், ரொம்ப நியாயமாப் பேசியிருக்கு. ஆனா இதயம் என்னவோ எனக்குத்தான் அதிகம்.”



*

அண்ணன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். நண்டுக்குப் பிடித்த கிரீம் பிஸ்கட். அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“நண்டு, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஒரு தேதியும் சொல்லிடறேன்.”

“சொல்லு. ஏன்னா, மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறதுதான் அவளுக்குப் பெரிய கொடுமை.”

அண்ணன் நிமிர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“நீயா? வெள்ளெழுத்து… நீயா?”

“கண்ணாடிக் கடைக்காரி வேற என்ன பேர் வெச்சுப்பா?”

“அது இல்ல, நண்டு. நான் எழுதினது…”

“தேதியைச் சொல்லுண்ணா.”

“ஞாயித்துக்கிழமை. மாப்பிள்ளை வரார்.”

“எந்த மாப்பிள்ளை?” அம்மா போனும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். “நம்ம மாப்பிள்ளையா? எதுக்கு?”

“இவளைக் கூட்டிட்டுப் போக. வார்த்தை கொடுத்துட்டேன்மா.”

“அப்ப அந்த ரூம் யாருக்கு?” என்று கேட்டது அண்ணி. மடித்த துணி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் வந்திருந்தாள்.

“யாருக்கும் இல்ல. சும்மா எழுதினேன். அனுப்பறதுக்கு ஒரு காரணம் சொல்லணுமில்ல?” அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். “அவர் நான் வேலை பார்க்கிற இடத்துக்கே தேடி வந்தார். ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. கண் கலங்கறார், நண்டு. ஒரு ஆம்பளை அப்படி நிக்கிறப்ப நான் என்ன பண்ணுவேன்? பால்கனி விஷயத்தை நானே நேரா கேட்டுட்டேன். காத்துல கதவு அடிச்சு தாழ்ப்பாள் விழுந்துடுச்சுன்னார். நான் தினம் கதவோட மல்லுக்கட்டறவன். கொண்டி தேய்ஞ்சிருந்தா தானா விழும். எத்தனை கட்டடத்துல என் கண்ணாலயே பார்த்திருக்கேன்.”

“கதவு தானா மூடும்” என்றாள் நண்டு. “தட்டினா தானா திறக்காது. ஒத்துக்கறேன்.”

“அதான் சொல்றேன்…”

“நான் தட்டினேண்ணா. கண்ணாடிக் கதவு. அவரும் அவங்க அம்மாவும் சோபாவுல உட்கார்ந்திருக்கிறது தெரிஞ்சது. டிவி ஓடிட்டிருந்தது. நான் தட்டத் தட்ட, அவர் சத்தத்தைக் கூட்டினார்.”

அம்மாவின் கை கதவு நிலையைப் பிடித்தது.

“அதை அன்னிக்கே லிஃப்ட் மோட்டார் ரூம்ல உன்கிட்ட சொன்னேன்” என்றாள் நண்டு. குரல் உயரவில்லை. “எல்லாத்தையும் எழுதின நீ, அதை மட்டும் விட்டுட்ட.”

அண்ணன் பிஸ்கட் பாக்கெட்டை இந்தப் பக்கம் நகர்த்தினான். அந்தப் பக்கம் நகர்த்தினான்.

“ஒரு குடும்பம் உடையக் கூடாதுன்னுதான்…” என்றவன், பிடி கிடைத்தது போல நிமிர்ந்தான். “நான் ஒருத்தன் மட்டுமா சொல்றேன்? தெருவே சொல்லுது. நீயும்தான் சொன்னே. ஏன், அம்மாவே ‘பேசாம அனுப்பிடுங்க’ன்னு போட்டிருக்காங்க. இல்லம்மா?”



அம்மா மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“அந்தப் பொண்ணு… இவளா?”

“அத்தை, உட்காருங்க” என்றாள் அண்ணி.

“நான் யாரோன்னு நினைச்சு… ‘நாலு நாள் அழுவா’ன்னு…” அம்மாவின் கட்டைவிரல் திரையை இங்கும் அங்கும் அழுத்தியது. “இதை எப்படி அழிக்கிறது? யாராவது சொல்லுங்களேன். எப்படிடி அழிக்கிறது?”

“இனிமே அழிச்சு என்ன, தெரு பூரா படிச்சாச்சே, அத்தை.”

போன் டிங் என்றது. மறுபடி டிங். அம்மாவின் பதிலை இன்னும் யார் யாரோ மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா யாரோ கிள்ளியது போலத் துடித்தாள்.

நண்டுக்கு எழுந்துபோய் அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எழவில்லை. தெரியாமல் எழுதினாள் என்பது புத்திக்குப் புரிந்தது. யாரோ ஒரு பெண் என்றால் அம்மாவின் மனசு இவ்வளவுதான் என்பதும் கூடவே புரிந்துவிட்டதே, அதை எந்தப் பக்கம் தள்ளி வைப்பது?

“அந்த மருந்துக்கடைம்மாவுக்கு உங்க பேர் தெரியும்” என்றாள் அண்ணி தன் புருஷனைப் பார்த்து. “இவ இங்க வந்து தங்கியிருக்கிறதும் தெரியும். நாளைக்கு மாத்திரை வாங்க எந்த முகத்தோட போவீங்க?”

“நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஆமா. எதுவுமே தெரியாது. இந்த வீட்டுல என்கிட்ட யார் எதைச் சொன்னீங்க, எனக்குத் தெரிய?”

அப்போது மேஜை மேலிருந்த அண்ணனின் போன் அதிர்ந்தது. திரையில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தது.

அண்ணன் கை நீட்டினான். அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். அவனிடம் கொடுக்கவில்லை. எடுத்துப் பேசவுமில்லை. நண்டைப் பார்த்தாள்.

“ஸ்பீக்கர்ல போடட்டுமா?”

வாளிச் சண்டைக்கப்புறம் அண்ணி அவளிடம் அனுமதி கேட்டுச் செய்யும் முதல் காரியம் அது. நண்டு தலையை ஆட்டினாள்.

“என்ன மச்சான், சொல்லியாச்சா?” அந்தக் குரல் அறை முழுவதும் நிறைந்தது. கண் கலங்கியவரின் குரல் போல இல்லை. அதில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. “அழுதாளா?”

அண்ணனின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

நண்டு போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“இல்ல” என்றாள். “நான்தான் பேசறேன்.”